கொண்டைக்காரியும் புள்ளிக்காரியும்

ஊரில் எல்லோரும் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வார்கள். ரேகைக்காரர் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்வார். ஆளை அல்ல, புழுவை. அதுவும் பெண் புழுவை மட்டும். இந்த உண்மையை அவர் மனைவி, கல்யாணமான புதிதில், உறவுக்கூட்டம் நிறைந்த ஒரு பந்தியில் வைத்துச் சத்தமாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்ற கேள்வியை அந்தக் குடும்பத்தில் யாரும் எழுப்பியதில்லை.

தொழில் என்னவோ கௌரவமானதுதான். செடியின் வேருக்குள் புகுந்து, அதை முடிச்சு முடிச்சாக வீங்க வைத்து, உள்ளேயே குடித்தனம் நடத்தும் நூற்புழுக்களில் முக்கியமானவை நாலு இனம். வெளியிலிருந்து பார்த்தால் நாலும் அச்சில் வார்த்தது போல இருக்கும். முத்து வெள்ளை நிறம், குண்டூசித் தலை அளவு, பேரிக்காய் வடிவம். உட்கார்ந்த இடத்திலேயே தின்னும், அங்கேயே முட்டையிடும். ஆண்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெலிந்து போய் மண்ணில் அலைந்துகொண்டிருப்பார்கள். பல குடும்பங்களில் அவர்கள் இல்லாமலே வம்சம் வளர்கிறது. இந்தத் தகவல் மட்டும் ரேகைக்காரரின் மனைவிக்கு ரொம்பப் பிடிக்கும்.

வித்தியாசம் இருப்பது ஒரே இடத்தில்தான். பெண் புழுவின் பின்பக்கத் தோலில் கைரேகை மாதிரி சுருக்கங்கள் ஓடும். புழுவை ஊசியால் வேரிலிருந்து எடுத்து, பின்பக்கத்தைப் பிளேடால் சீவி, உள்ளிருப்பதைத் துடைத்து, கண்ணாடியில் பதித்து, நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னார் என்று தெரிந்துவிடும். லத்தீன் பெயர்களைச் சொன்னால் விவசாயிகள் மருந்துக்கடைச் சீட்டைப் பார்ப்பது போல விழிக்கிறார்கள் என்று ரேகைக்காரரே நாலு பேருக்கும் பெயர் வைத்திருந்தார். வளைவு உயர்ந்து எழும்பி நிற்பவள் கொண்டைக்காரி. இரண்டு பக்கமும் வகிடு எடுத்தது போலக் கோடு ஓடினால் வகிட்டுக்காரி. வளைவு தாழ்ந்து ஓரங்கள் தோள் போலப் புடைத்திருந்தால் தோள்காரி. வால் முனைக்குப் பக்கத்தில் ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாய்ப் புள்ளி இருந்தால் புள்ளிக்காரி.

சீவிய தோலைத் துடைக்கும் கருவி, ஒரு குச்சியின் நுனியில் ஒட்டிய இமைமுடி. அதைவிட மிருதுவான துடைப்பம் உலகத்தில் இல்லை. முடி, மனைவியின் உபயம்.

"மத்த புருஷன்கள் கண்ணைப் பாத்துக் கவிதை எழுதுவாங்க," என்பார் அந்த அம்மாள். "இவர் முடியைப் பிடுங்கிட்டுப் போய் புழுவைத் துடைக்கறார்."

பயிர்நோய் ஆய்வகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் உதிரிபாகக் கடை. அங்கே சுத்தியல் விழும்போதெல்லாம் மேலே நுண்ணோக்கியில் புழு துள்ளும். இரண்டு அடிக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவுவதில் ரேகைக்காரருக்கு நிகர் அவர்தான். அதை அவரே எல்லோரிடமும் சொல்லியும் வந்தார், பிறர் சொல்லக் காத்திருப்பது காலவிரயம் என்று.

ஒரு காலை தக்காளிக்காரர் மாடியேறி வந்தார். மலைச்சரிவில் பசுமைக்குடில் போட்டுத் தக்காளி வளர்ப்பவர். அந்த வட்டாரத்து விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தார். உள்ளே ஈர மண்ணோடு வேர்க்கொத்து.

"புழு தாங்கும் ரகம்னு சொல்லி நாத்து வித்தாங்க. வேரைப் பாருங்க, கொத்துக்கொத்தா முடிச்சு."

"எந்த நாற்றங்கால்ல வாங்கினீங்க?"

"உங்க மச்சினி நடத்தறதுதான்." தக்காளிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்தேன். சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுதான் வந்திருக்கேன். மாமன் மறைக்கறாரா இல்லையான்னு அவங்களும் பாக்கட்டும்."

விஷயம் இதுதான். அந்த ரகத் தக்காளி கொண்டைக்காரி, வகிட்டுக்காரி, தோள்காரி மூவரையும் வேருக்குள் தங்க விடாது. மண் ரொம்பச் சூடேறினால் கொஞ்சம் தளரும். ஆனால் அந்தச் சரிவில் வெயில்காலத்திலும் மண் சில்லென்றே இருக்கும். புள்ளிக்காரியை மட்டும் அதனால் தடுக்க முடியாது. ஆக, வேரில் இருப்பவள் புள்ளிக்காரி என்றால் நாற்று நல்ல நாற்று. மற்ற மூவரில் யாராக இருந்தாலும் நாற்று போலி. போலி என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்தால் நாற்றங்காலின் உரிமம் ரத்து. மச்சினி விதை பொறுக்கி, நாற்றுத் தட்டு அடுக்கி, தன் பெயரை நம்பி வளர்த்த இடம் ஒரு தாளில் முடிந்துபோகும்.

ரேகைக்காரர் ஆய்வகத் தலைவியிடம் போய் உறவைச் சொன்னார். "வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்கம்மா."

"வேற யாருக்கு இது தெரியும்? பூச்சிக்காரரைப் பாக்கச் சொல்லவா?" என்றார் தலைவி. அதே அறையில் எதிர் மேஜையில் வண்டுகளோடு வாழும் பூச்சிக்காரர், "ஆறு காலுக்குக் குறைஞ்சா நான் பாக்கறதில்லை," என்று அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்களே பாருங்க. உள்ளதை எழுதுங்க," என்றார் தலைவி.

உள்ளதை எழுதுவது என்றால் ரேகைக்காரருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. வேரைக் கழுவினார். முட்டைக் குவியல்கள் பளிச்சென்று தெரிய, வேர்களைச் சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தார். கொத்தில் பெரிய முடிச்சும் இருந்தது, கடுகு மாதிரி சின்ன முடிச்சும் இருந்தது. மீன் வாங்கப் போனவன் பெரிய மீனைத்தானே கையில் எடுப்பான்? பெரிய முடிச்சுக்குள் புழு கொழுகொழுவென்று இருக்கும், சீவக் கத்தி பதமாக இறங்கும். பெரியதாகப் பார்த்துப் பிளந்தார். சீவிப் பதித்த ஒவ்வொன்றிலும் வளைவு கம்பீரமாக எழும்பி நின்றது. சந்தேகமே இல்லை, கொண்டைக்காரி.

மச்சினிக்கு எதிரான முடிவு. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன மேளச்சத்தம்கூடக் கேட்டது: பார்த்தீர்களா உலகத்தாரே, சொந்தமாவது பந்தமாவது. அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மச்சினி ஆய்வகத்துக்கே வந்தாள். நகக்கண்ணில் மண், தோளில் பை. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாமா, விதையை நானேதான் பொறுக்கறேன். வேற ஆள் கை படறதே இல்ல. எங்க தப்பு நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கறேன்."

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் புழுவைத்தான் பாத்தேன். புழு பொய் சொல்லாது."

"சரி, புழு சொல்லாது," என்றாள். பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் மனைவி சாப்பாட்டை வைத்த சத்தத்திலேயே வானிலை தெரிந்தது.

"உங்க தங்கச்சி பேரைக் காப்பாத்த நான் பொய் எழுதணுமா?" என்று ரேகைக்காரர் முந்திக்கொண்டார். மனைவியைத் திட்டும்போது மரியாதைப் பன்மை வந்துவிடும் ஜாதி அவர்.

"நான் பொய் எழுதச் சொன்னேனா? என்னைக்காவது உங்க ஆபீஸ் விஷயத்துல வாயைத் திறந்திருக்கேனா?" அந்த அம்மாள் தண்ணீர் ஊற்றினார். "ஒண்ணுதான் கேக்கறேன். வேற யாரு வேரா இருந்தாலும் ரெண்டு வாரம் வச்சு வச்சுப் பாப்பீங்க. இதை மட்டும் ஒரே நாள்ல முடிச்சுட்டீங்க. நீங்க நேர்மையானவர்னு ஊருக்குக் காட்ட என் தங்கச்சி தலைதான் கிடைச்சுதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாயில் சோறு இருந்தது நல்லதாகப் போயிற்று.

"இனிமே இமைமுடிக்கு வேற கண்ணைப் பாத்துக்குங்க," என்று முடித்துவிட்டு அந்த அம்மாள் எழுந்தார்.

உரிமத்தை ரத்து செய்வதற்கு முன் ஒரு விசாரணை உண்டு. அதற்குக் கெடாமல் நிற்கும் கண்ணாடித் தகடுகள் வேண்டும் என்றார் தலைவி. புதிதாகச் சில புழுக்களை எடுக்க, சாயத்தில் முக்காமல் மிச்சம் வைத்திருந்த வேரை ரேகைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தார். தட்டில் தண்ணீரில் பரப்பினார். பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து மேலே கவிழ்த்தார். பெரிய முடிச்சுள்ள வேரை இடுக்கியால் தூக்கினார்.

வேர் இளஞ்சிவப்பாக இருந்தது.

சாயத்தில் முக்கிவிட்டோமோ என்று முதலில் நினைத்தார். இல்லை, பக்கத்தில் கிடந்த வேர்கள் எல்லாம் தக்காளி வேருக்குரிய மங்கிய வெள்ளை. இது ஒன்று மட்டும் பிறவியிலேயே சிவப்பு. நூல் பிடித்தது போல மேலே போனார். அடியில் முறிந்த ஒரு துண்டுத் தண்டு, தக்காளிக்குரிய ரோமம் இல்லாமல் மொழுக்கென்று. வயலோரத்தில் தானாக முளைக்கும் காட்டுக்கீரை. களை. தக்காளியைப் பிடுங்கும்போது பக்கத்திலிருந்த களையும் வேரோடு வேர் பின்னிக்கொண்டு வந்திருக்கிறது. வெறும் கண்ணுக்கே தெரிந்திருக்க வேண்டிய வேற்றுமையை, தன் கையாலேயே சிவப்புச் சாயத்தில் மூழ்கடித்திருக்கிறார். பெரிய முடிச்சு அத்தனையும் களையினுடையது. கடுகு போன்ற சின்ன முடிச்சுகள்தான் தக்காளியினுடையவை. அவற்றை அவர் தொடவே இல்லை.

புழுவின் பின்பக்கத்தில் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பவர், புழு எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

சின்ன முடிச்சுகளைப் பிளந்தார். கைவசமிருந்த பழைய இமைமுடியால் துடைத்தார். கீழே சுத்தியல் ஓயக் காத்திருந்து குனிந்து பார்த்தார். தாழ்ந்த வளைவு. வால் முனையருகே புள்ளிகள், சன்னமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். இன்னொன்றிலும் அதே. அடுத்ததிலும்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார் பூச்சிக்காரர்.

ரேகைக்காரர் சொன்னார். பூச்சிக்காரர் வந்து குனிந்து பார்த்தார், வேரையும் தூக்கிப் பார்த்தார். பிறகு தன் மேஜையில் சாய்ந்துகொண்டார்.

"சரியாத்தான் சொல்றீங்க. ஆனா எவன் நம்புவான்? ராத்திரி வீட்ல கரண்டி பறந்துச்சு, காலைல புழு மாறிடுச்சும்பான். இப்ப மாத்தி எழுதினா உங்க மச்சினிக்கும் கெட்ட பேரு, உங்களுக்கும் கெட்ட பேரு. தக்காளிக்காரர் சங்கத்துல மைக் பிடிச்சா விடமாட்டார்."

"மாத்தாம விட்டா?"

"விட்டா அந்தப் பொண்ணுக்கு மட்டும்."

ரேகைக்காரர் வேரைத் திரும்பத் தட்டில் போட்டார். மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தட்டில்தான் கிடந்தது. நேர்மையானவன் என்று பெயர் வாங்கும் அவசரத்தில், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். இப்போது அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடினால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

"என்னை யாரும் நம்ப வேண்டாம்," என்றார். "என்னை நம்பித்தானே இந்த வினையே வந்துச்சு. எல்லாரும் வந்து பாக்கட்டும். கண்ணு எல்லாருக்கும் இருக்குல்ல?"

தலைவியிடம் நேராகப் போய்த் தன் தவறைச் சொன்னார். அந்த அம்மாள் முழுவதும் கேட்டுவிட்டு, "எழுதறதுக்கு முன்னாடி எல்லாரையும் கூப்பிடுங்க," என்று மட்டும் சொன்னார்.

தக்காளிக்காரர் போனிலேயே பிடிகொடுக்கவில்லை. "அதானே பாத்தேன். தானாடாட்டியும் சதை ஆடும் போல."

"என்ன வேணா சொல்லுங்க. உங்க குடில்ல உங்க முன்னாடி செடி பிடுங்குவோம். உங்க கையால கொண்டு வாங்க. நான் வண்டியில தொடக்கூட மாட்டேன்."

பூச்சிக்காரரும் தலைவியும் போய் வரிசைக்கு ஒன்றாகச் செடிகளைத் தண்டோடு பிடுங்க வைத்தார்கள். பக்கத்திலிருந்த காட்டுக்கீரையையும் தண்டோடு எடுத்தார்கள். எல்லாம் தக்காளிக்காரரின் மடியில் உட்கார்ந்தே ஆய்வகத்துக்கு வந்தன. மச்சினியும் வந்து சுவரோரம் நின்றாள். ரேகைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினாள், சிரிக்கவில்லை.

பூச்சிக்காரர் திரைக்குப் பின்னால் வேர்களை நறுக்கித் தட்டுகளில் போட்டு, எது எந்தச் செடி என்று சொல்லாமல் ஒவ்வொன்றாக நீட்டினார். ரேகைக்காரர் பிளந்தார், சீவினார், துடைத்தார், பார்த்தார், சொன்னார்.

"புள்ளிக்காரி."

"கொண்டைக்காரி."

"புள்ளிக்காரி. இதுவும் புள்ளிக்காரி."

"இது கிழிஞ்சிடுச்சு. சொல்ல மாட்டேன். வேற குடுங்க."

தன் தொழிலில் அவருக்கு இருந்த திமிர் அத்தனையும் அன்று நல்ல காரியத்துக்குச் செலவானது. குரலில் பிசிறு இல்லை. கடைசியில் பூச்சிக்காரர் திரையை விலக்கிக் காட்டினார். புள்ளிக்காரி என்று சொன்ன தட்டெல்லாம் தக்காளி. கொண்டைக்காரி என்று சொன்னதெல்லாம் களை.

தக்காளிக்காரர் அசரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே மண் அப்பிய வேர்த்துண்டு.

"அதெல்லாம் உங்க ஆளுங்க நறுக்கினது. இது நான் தனியா எடுத்து வச்சது. நடு வரிசைத் தக்காளி. இதைப் பாருங்க."

ரேகைக்காரர் வாங்கினார். மண்ணோடு துருத்திக்கொண்டிருந்த முடிச்சைக் கிள்ளிப் பிளந்து புழுவை எடுத்தார். சீவினார். குனிந்தார்.

வளைவு எழும்பி நின்றது.

கீழே சுத்தியல்கூட ஓய்ந்திருந்தது. மச்சினி சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். "சரியாத் தெரியலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழிந்த புழு ஏற்கனவே ஒன்று இருந்தது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"கொண்டைக்காரி," என்றார் ரேகைக்காரர்.

மச்சினி மெதுவாகக் கேட்டாள். "நிச்சயமா, மாமா?"

"நிச்சயம்மா. புழுல சந்தேகமே இல்ல." அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். "இனிமே புழுவைப் பாத்ததோட நான் எழுந்திருக்கறதில்ல. வேரையும் பாத்துடறேன்." மிச்ச வேரைத் தண்ணீரில் அலசினார். மண் கரைந்து இறங்கியது. இடுக்கியால் தூக்கி, தக்காளிக்காரரின் முகத்துக்கு நேராக விளக்கைத் திருப்பினார். "இது தக்காளி இல்லைங்க. தக்காளி வேர் இந்த நிறத்துல இருக்காது. இது உங்க காட்டுக்கீரை."

தக்காளிக்காரர் வேரைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். மீசைக்குள் ஒரு அசைவு.

"தெரியும். நான்தான் மாத்திக் கொண்டாந்தேன்."

"ஏன்யா?" என்றார் பூச்சிக்காரர், மரியாதையை மறந்து.

"தக்காளின்னு நான் சொன்னப்புறமும் இவரு கொண்டைக்காரின்னு சொல்றாரான்னு பாக்கணும். மச்சினிக்காக மழுப்பினார்னா அங்கேயே பிடிச்சிருப்பேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "மழுப்பலை. ஒத்துக்கறேன். ஆனா முதல்ல எழுதினதும் நீங்கதானே? அதுக்கு என்ன சொல்றீங்க?"

"முதல்ல பாத்த புழு சரி. எழுதின வாக்கியம் தப்பு. களையில இருந்தவளைத் தக்காளியில இருக்கான்னு எழுதினேன்." ரேகைக்காரர் பழைய கண்ணாடித் தகடுகளைப் புதியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்ப ரெண்டையும் சேத்துப் பாருங்க. களைக்கும் தக்காளிக்கும் நடுவுல ஒரு சாண் மண்ணு. களை வேர்ல கொண்டைக்காரி குடும்பத்தோட உக்காந்திருக்கா. அதே மண்ணுல, வேரோட வேர் பின்னிக் கிடக்கற தக்காளிக்குள்ள அவ ஒருத்திகூட இல்ல. வராம இருந்திருப்பாளா? வந்திருப்பா. தங்க முடியல. நாத்து போலியா இருந்தா முதல்ல நிறைஞ்சிருக்கறது அவதான். இந்த ரகத்தால தடுக்க முடியாத புள்ளிக்காரி மட்டும்தான் உள்ள இருக்கா. நாத்து தன் வேலையைச் செஞ்சிருக்கு. நான்தான் என் வேலையைப் பாதி செஞ்சேன்."

தக்காளிக்காரர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். முதலில் தன் இமையையே பார்த்துக்கொண்டு "ஏதோ கறுப்பா காடு மாதிரி தெரியுது" என்றார். தலைவி திருகைத் திருப்பிக் கொடுத்தார். வெகுநேரம் பார்த்தார். தகட்டை மாற்றச் சொன்னார். மறுபடி பார்த்தார்.

"பொடிப்பொடியா இருக்கே, அதுவா புள்ளி?"

"அதேதான்."

"இன்னொன்னுல இல்லை. அதுல மலை மாதிரி எழும்பி நிக்குது." நிமிர்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டார். "இவ்வளவுதானா? எனக்கே தெரியுதே."

"தெரியும். அதை நான் வெளிய சொல்றதில்ல. சோத்துக்கு வேணுமே," என்றார் ரேகைக்காரர்.

முதல்முறையாக மச்சினி சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டு தக்காளிக்காரரிடம் வந்தாள்.

"அண்ணே, சங்கத்துல என் நாத்து போலின்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் என்கிட்ட யாரும் வரலை. போட்ட நாத்தெல்லாம் தட்டுலயே முத்திக் கிடக்கு."

"புரியுதும்மா. அடுத்த கூட்டத்துல சொல்லிடறேன்."

"சொன்னது கூட்டத்துல இல்லையே, போன்லதானே. போன்லயே சொல்லிடுங்க."

தக்காளிக்காரர் ஆய்வகத் தலைவியைப் பார்த்தார். அவர் உதவிக்கு வரவில்லை. பூச்சிக்காரர் ஒரு வண்டை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் போனை எடுத்துச் சங்கத்து ஆட்களை ஒருசேர அழைத்தார். ஒவ்வொரு குரலாக வந்து சேர்ந்தது. ஒருவர் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் சத்தத்தோடு வந்தார்.

"நான்தான் பேசறேன். அந்த நாத்து நல்ல நாத்துதான். நான் பேசினது தப்பு. வேர்ல இருக்கறது வேற புழு, அதை இந்த ரகம் தாங்காதாம். நானே கண்ணால பாத்தேன். புள்ளி இருக்கு."

"யாரு சொன்னா, அந்தப் பொண்ணோட மாமனா?" என்றது மோட்டார் குரல்.

மச்சினி போனை வாங்கி ரேகைக்காரரின் முன் நீட்டினாள்.

ரேகைக்காரர் தொண்டையைச் செருமினார். "மாமன்தான் பேசறேன். முதல் தடவை நான் எழுதிக் குடுத்தது தப்பு. களை வேரைத் தக்காளி வேர்னு பாத்துட்டேன். நாத்துல குறை இல்ல, பாத்தவன்கிட்டதான் குறை. இன்னைக்கு ரெண்டாவது அறிக்கை எழுதறேன். அதுலயும் இதையேதான் எழுதுவேன்."

எதிர்முனையில் மோட்டார் மட்டும் ஓடியது. பிறகு யாரோ அதை அணைத்தார்கள்.

"அப்ப எங்க கத்தரிக்காய்ச் செடியிலயும் முடிச்சு இருக்கு. கொண்டாரட்டுமா?"

ரேகைக்காரர் மச்சினியைப் பார்த்தார். அவள் போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பிடித்தாள்.

"கொண்டாங்க," என்றார். "தண்டோட கொண்டாங்க."